கஸ்டம் லூப்பில் பம்ப் வேகம்: எவ்வளவு போதும்?

6 ஏப்ரல் 2024, காலை

கஸ்டம் லூப் என்றால் கம்ப்யூட்டரின் சூடாகும் சிப்களை (சிபியூ, கிராபிக்ஸ் ஜிபியூ) தண்ணீர் சுற்றவிட்டுக் குளிர்விக்க நாமே கட்டும் அமைப்பு: சிப்பின்மேல் உட்காரும் பிளாக் சூட்டைத் தண்ணீருக்குக் கொடுக்கும், ரேடியேட்டர் அதைக் காற்றுக்குக் கொடுக்கும், பம்ப் தண்ணீரைச் சுற்றவிடும். திருச்சியிலிருந்து ஒரு நண்பர் கேட்டதை அப்படியே போடுகிறேன்:

"பம்பை மெதுவாக ஓட்டினால் தண்ணீர் ரேடியேட்டரில் அதிக நேரம் தங்கி நன்றாக ஆறிவிட்டு வரும் என்று ஒரு வீடியோவில் சொன்னார்கள். அதனால் டி5 மாடல் பம்பை 1800 ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு 1800 சுற்று) வைத்திருக்கிறேன். கேம் ஆடும்போது மட்டும் சிபியூ சூட்டைப் பார்த்து வேகம் ஏறும்படி மதர்போர்டில் கர்வ் போட்டேன். இப்போது சும்மா பிரவுசர் திறந்தாலே ஊளையிடுகிறது, அடங்குகிறது, மறுபடி ஊளையிடுகிறது. என்ன செய்வது அண்ணா?"

முதலில் அந்த "அதிக நேரம் தங்கும்" விஷயம். லூப் என்பது மூடிய வட்டம். ரேடியேட்டரில் அதிக நேரம் தங்குகிற தண்ணீர் பிளாக்கிலும் அதிக நேரம் தங்குகிறது, அங்கே அதிகமாகச் சூடாகிறது. ஒரு சொட்டு எங்கே எவ்வளவு நேரம் இருந்தது என்று பார்ப்பதில் பயனில்லை. பம்ப் எந்த வேகத்தில் ஓடினாலும் ரேடியேட்டருக்குள் எப்போதும் தண்ணீர் முழுக்க நிரம்பியே இருக்கிறது. காற்றுக்குச் சூட்டைக் கொடுக்க அதே அளவு தண்ணீர் எந்நேரமும் அங்கே இருக்கிறது.

ஆனால் அந்த வீடியோக்காரர் ஒன்றைக் கண்ணால் பார்த்திருப்பார். மெதுவாக ஓட்டினால் ரேடியேட்டரிலிருந்து வெளியே வரும் தண்ணீர் உண்மையிலேயே கொஞ்சம் குளிராக இருக்கும். உள்ளே போகும் தண்ணீர் அதே அளவுக்குக் கூடுதல் சூடாக இருக்கும் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். சராசரி கிட்டத்தட்ட மாறுவதில்லை. சிப்புக்கு இதில் நஷ்டம்தான், ஏனென்றால் பிளாக்கின் செப்புத் தகடுகளுக்கு நடுவே தண்ணீர் மெதுவாகப் போனால் தகட்டிலிருந்து சூட்டைக் கொத்திக்கொண்டு போகும் திறன் குறைகிறது.

வேலைக்குப் போக வேண்டும். ஊளைக்குக் காரணம் இரவு எழுதுகிறேன்.

6 ஏப்ரல் 2024, இரவு

ஊளைக்குக் காரணம் பம்ப் இல்லை, கர்வ்.

சிபியூவில் ஒரு கோர் திடீரென்று 4.8 கிகாஹெர்ட்ஸ் போனால் சென்சார் ஒரே நொடியில் 15, 20 டிகிரி தாவும். அந்தத் தாவல் சிலிக்கானிலும் மேலே உள்ள மூடியிலும் அதன்மேல் தடவும் பேஸ்ட்டிலும் நடப்பது. தண்ணீருக்கு அந்தச் சேதி போய்ச் சேருவதற்குள் கோர் வேலையை முடித்துவிட்டு இறங்கிவிடும். அந்தத் தாவலைப் பம்பால் தடுக்கவே முடியாது. தடுக்க முடியாத ஒன்றின் பின்னால் பம்பை ஓடவிட்டால் அது ஏறி இறங்கி ஏறி இறங்கி உங்கள் காதைத்தான் தின்னும்.

தண்ணீர் எவ்வளவு நிதானம் என்று ஒரு கணக்கு. லூப்பில் ஒரு லிட்டர் இருக்கிறது என்று வையுங்கள். அதை ஒரு டிகிரி ஏற்ற 4180 ஜூல் வேண்டும். என் சிபியூவும் ஜிபியூவும் சேர்ந்து கக்கும் 460 வாட் முழுவதையும் அதில் கொட்டி, ரேடியேட்டரே இல்லாமல் விட்டாலும் ஒரு டிகிரி ஏற 9 நொடி ஆகும். ரேடியேட்டர் எடுத்துக்கொண்டே இருந்தால், தண்ணீர் தன் கடைசிச் சூட்டில் போய் நிலைக்க 15, 20 நிமிடம்கூட ஆகிறது. அதனால் எதைக் கட்டுப்படுத்துவதானாலும் தண்ணீரின் சூட்டைப் பார்த்துச் செய்யுங்கள். சிபியூ சூட்டைப் பார்க்காதீர்கள்.

தண்ணீர் சூட்டை அளக்க, ஜி1/4 திருகு (லூப் பாகங்களின் வழக்கமான திருகளவு) உள்ள 10 கிலோ ஓம் தெர்மிஸ்டர் சென்சார் மலிவாகவே கிடைக்கும். மதர்போர்டில் இரண்டு பின் சென்சார் ஹெடர் (ஒயர் செருகும் இடம்) இருக்கிறதா என்று மேனுவலில் பாருங்கள். எல்லா போர்டிலும் இருக்காது.

7 ஏப்ரல் 2024

ஞாயிற்றுக்கிழமை. நேற்று எழுதியதை என் சிஸ்டத்தில் ஓட்டிப் பார்த்தேன். ரைசன் 9 5950எக்ஸ் சிபியூ, ஆர்டிஎக்ஸ் 3080 ஜிபியூ, இரண்டுக்கும் பிளாக். ஒரு 360 மிமீ, ஒரு 280 மிமீ ரேடியேட்டர். டி5 பிடபிள்யூஎம் (வேகத்தைத் துடிப்புச் சிக்னலால் சொல்லும் முறை) பம்ப். தண்ணீர் ஓட்டத்தை அளக்கும் ஓட்ட மீட்டர் ஒன்று வரிசையில் இருக்கிறது. கோவையில் ஏசி இல்லாத அறை, உள்ளே 33 டிகிரி. ஃபேன்களை ஒரே வேகத்தில் பூட்டிவிட்டு, சிபியூ ஜிபியூ இரண்டுக்கும் முழு வேலை கொடுத்து, தண்ணீர் நிலைத்த பிறகு குறித்துக்கொண்டேன்.

பம்ப் 4800-இல் மணிக்கு சுமார் 215 லிட்டர். ஜிபியூ 54, சிபியூ 72.

3000-இல் சுமார் 135 லிட்டர். ஜிபியூ 55, சிபியூ 73.

2400-இல் சுமார் 105 லிட்டர். ஜிபியூ 56, சிபியூ 75.

1800-இல் சுமார் 75 லிட்டர். ஜிபியூ 59, சிபியூ 79.

4800-லிருந்து 3000-க்கு இறக்கினால் ஒரு டிகிரி நஷ்டம், அவ்வளவுதான். 3000-இல் பம்ப் ஓடுகிறதா என்று கைவைத்துப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். 1800-க்குப் போகும்போதுதான் உண்மையில் கடிக்கிறது. திருச்சி நண்பரே, நீங்கள் நின்றுகொண்டிருப்பது அந்தக் கடைசி வரியில்.

ஏன் இப்படி வளைகிறது என்றால், நிமிடத்துக்கு ஒரு லிட்டர் ஓடும்போது ஒவ்வொரு 70 வாட்டுக்கும் தண்ணீர் ஏறத்தாழ ஒரு டிகிரி ஏறும். என் 460 வாட்டுக்கு மணிக்கு 60 லிட்டர் என்றால் லூப்பின் குளிர்ந்த இடத்துக்கும் சூடான இடத்துக்கும் 6.6 டிகிரி வித்தியாசம். 120 லிட்டரில் 3.3. 240 லிட்டரில் 1.6. ஒவ்வொரு முறை இரட்டிப்பாக்கும்போதும் கிடைப்பது பாதியாகிறது. முதல் இரட்டிப்பு 3 டிகிரிக்கு மேல் தருகிறது, அடுத்தது ஒன்றரையைச் சற்றுத் தாண்டுகிறது. அதற்குமேல் பம்ப் சத்தத்துக்கும் பம்ப் கொட்டும் சூட்டுக்கும் கட்டுப்படியாகாது.

பம்பின் சூடு தண்ணீரில்தான் போய்ச் சேருகிறது என்பதைப் பலர் கணக்கில் எடுப்பதில்லை. டி5 முழு வேகத்தில் 20 வாட்டுக்கு மேல் இழுக்கும். ஓட்டம் வேகத்தோடு நேராக ஏறுகிறது, அழுத்தம் வேகத்தின் இருமடியாக ஏறுகிறது, சக்தி மும்மடியாக ஏறுகிறது. வேகத்தைப் பாதியாக்கினால் தண்ணீருக்குப் போகும் சக்தி எட்டில் ஒரு பங்கு. மோட்டாரின் சர்க்யூட் தன் பங்குக்குக் கொஞ்சம் தின்பதால் பிளக்கில் அளந்தால் அவ்வளவு குறையாது, ஆனாலும் நன்றாகவே குறையும்.

ஆகவே என் பதில்: 3000-இல் வையுங்கள், கர்வை எடுத்துவிடுங்கள். பம்ப் ஒரே வேகம். ஃபேன்கள் மட்டும் தண்ணீர் சூட்டைப் பார்த்து ஏறி இறங்கட்டும்.

9 ஏப்ரல் 2024

மதுரை நண்பர்: "பயாஸில் (மதர்போர்டின் அமைப்புத் திரை) 30 சதவீதம், 60 சதவீதம், 100 சதவீதம் என்று எது வைத்தாலும் பம்ப் ஒரே வேகத்தில்தான் ஓடுகிறது. பம்ப் கெட்டுவிட்டதா?"

கெட்டிருக்காது. ஹெடர் டிசி முறையில் இருக்கும்.

நான்கு பின் இருக்கிறது என்பதற்காக அது பிடபிள்யூஎம் ஹெடர் ஆகிவிடாது. முதல் பின் கிரவுண்ட், இரண்டாவது 12 வோல்ட், மூன்றாவது வேகத்தைச் சொல்லும் டாக்கோ, நான்காவது பிடபிள்யூஎம். டிசி முறையில் போர்டு இரண்டாவது பின்னில் வோல்டேஜைக் குறைத்துக் கூட்டி வேகத்தை மாற்றப் பார்க்கும். உங்கள் பம்போ மின்சாரத்தை எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து (பவர் சப்ளை) சாட்டா கனெக்டர் வழியாக நேராக எடுக்கிறது. மதர்போர்டுக்குப் போகிற ஒயரில் மூன்றாவதும் நான்காவதும் மட்டும்தான் இருக்கும். போர்டு என்ன வோல்டேஜ் கொடுத்தாலும் பம்புக்குத் தெரியவே தெரியாது.

பயாஸில் அந்த ஹெடரை "ஆட்டோ"விலிருந்து எடுத்து பிடபிள்யூஎம் என்று கைப்படத் தேர்வு செய்யுங்கள். ஆட்டோவில் விட்டால் சில போர்டுகள் பம்பைச் சரியாக அடையாளம் காண்பதில்லை, ஏனென்றால் அந்த ஹெடரிலிருந்து மின்சாரம் எதுவும் போவதில்லை.

சிக்னலே வராவிட்டால் பம்ப் என்ன செய்யும் என்பது தயாரிப்பைப் பொறுத்தது. சில முழு வேகத்தில் ஓடும், சில நடுத்தர வேகத்தில் நிற்கும். வாங்கியதும் நான்காவது பின்னைக் கழற்றிவிட்டு ஒருமுறை பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். என்றைக்காவது ஒயர் கழன்றால் என்ன நடக்கும் என்பதற்கு அதுதான் விடை.

9 ஏப்ரல் 2024, சற்று நேரம் கழித்து

மேலே எழுதியதோடு சேர்த்து இதையும். பம்பின் மின்சாரத்தை ஃபேன் ஹெடரிலிருந்து எடுக்காதீர்கள். சாதாரண ஹெடர் ஒரு ஆம்பியர், அதாவது 12 வாட் கொடுக்கத்தான் செய்யப்பட்டது. பம்புக்கென்று தனி ஹெடர் உள்ள போர்டுகளில் 2, 3 ஆம்பியர் வரும். அதையும் மேனுவலில் பார்த்துவிட்டு நம்புங்கள். டி5 முழு வேகத்தில் ஒரு ஆம்பியரைத் தாண்டிவிடும். ஹெடர் கருகினால் மாற்றுவது போர்டை.

14 ஏப்ரல் 2024

எல்லோருக்கும் புத்தாண்டு வாழ்த்துகள். லீவு நாள், அதனால் கொஞ்சம் பக்கவாட்டில் போகிறேன்.

"அந்தக் காலத்தில் எப்படி வேகத்தை மாற்றினார்கள்?" என்று ஒரு கல்லூரி மாணவர் கேட்டிருந்தார். ஆரம்பத்தில் மாற்றவே இல்லை. இந்தப் பொழுதுபோக்கு மீன்தொட்டிப் பம்ப்களை வைத்துத்தான் தொடங்கியது. ஜெர்மனியின் ஏஹைம் 1046 மணிக்கு 300 லிட்டர், 1048 மணிக்கு 600 லிட்டர். வீட்டு மின்சாரத்தில் நேராக ஓடுபவை. உள்ளே இருப்பது சிங்க்ரனஸ் மோட்டார், காந்தச் சுழலி. அதன் வேகம் வோல்டேஜைக் கேட்காது, லைனின் அலைவரிசையைத்தான் கேட்கும். 50 ஹெர்ட்ஸ் என்றால் நிமிடத்துக்கு 3000 சுற்று. கூட்டவோ குறைக்கவோ வழியில்லை.

பிறகு அக்வா கம்ப்யூட்டர் நிறுவனம் அதே 1046-ஐ எடுத்து, 12 வோல்ட்டிலிருந்து தானே அலைவரிசையை உண்டாக்கும் சர்க்யூட்டைப் பொருத்தி, அக்வாஸ்ட்ரீம் என்று விற்றது. அலைவரிசையை மாற்றினால் வேகம் மாறும். எங்கள் ஊரில் போர்வெல் மோட்டாருக்கு விஎஃப்டி டிரைவ் வைக்கிறார்களே, அதே வேலை, உள்ளங்கை அளவில். பீளமேட்டில் எந்த மோட்டார் ஒர்க்‌ஷாப்பில் போய்க் கேட்டாலும் ஹெட் (எவ்வளவு உயரம் தள்ளும்) என்ன, டெலிவரி என்ன, வேகத்தைக் குறைத்தால் கரண்ட் எவ்வளவு விழும் என்று பேப்பர் இல்லாமல் சொல்வார்கள். கம்ப்யூட்டர் லூப் கட்டுகிறவர்கள் அந்த மனிதர்களோடு ஒரு மணி நேரம் பேசினால் பாதிச் சந்தேகம் தீர்ந்துவிடும். நான் கற்றுக்கொண்டது அப்படித்தான்.

இன்றைக்கு எல்லோரும் வைத்திருக்கும் டி5, டிடிசி இரண்டும் லாயிங் என்ற ஜெர்மன் நிறுவனம் உருவாக்கியவை. 2009-இல் அதை ஐடிடி என்ற நிறுவனம் வாங்கியது. 2011-இல் ஐடிடியிலிருந்து பிரிந்த சைலம் நிறுவனத்தின் கையில் அது வந்தது. கடையில் நாம் பார்க்கும் பல பெயர்களுக்கு உள்ளே இருக்கும் பம்ப் இதுதான்.

பெட்டியில் "மணிக்கு 1500 லிட்டர்" என்று பார்த்துவிட்டு என் லூப்பில் 215 தானே வருகிறது என்று பயப்பட வேண்டாம். 1500 என்பது எதிர்ப்பே இல்லாதபோது வருவது. சிபியூ பிளாக்கில் மயிரிழை அகலத் தடங்கள் வழியாகத் தண்ணீர் புக வேண்டும். டி5-இன் ஹெட் சுமார் 4 மீட்டர், அதில் பெரும்பகுதி அங்கேதான் செலவாகிறது.

21 ஏப்ரல் 2024

7-ஆம் தேதி எழுதியதில் "3000-இல் வையுங்கள்" என்ற வரியைப் பலர் எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்கள். சேலத்து நண்பர் ஒருவர் டிடிசி பம்பில் 3000 வைத்துவிட்டு ஓட்டம் போதவில்லை என்கிறார். அந்த வரியை இப்படி மாற்றிப் படியுங்கள்: மணிக்கு 120 முதல் 150 லிட்டர் வருகிற இடத்தில் வையுங்கள். ஆர்பிஎம் என்பது என் லூப்புக்கு, என் பம்புக்கு உரிய எண். டிடிசியின் சக்கரம் சிறியது, ஆகவே அதே ஓட்டத்துக்கு வேறு வேகம் கேட்கும். இரண்டு ஜிபியூ பிளாக், மூன்று ரேடியேட்டர் என்று வரிசையில் சேர்த்துக்கொண்டே போனால் டி5-க்கும் 3000 போதாது.

மேலைநாட்டு ஃபோரம் இழைகளில் நிமிடத்துக்கு ஒரு கேலன் வேண்டும் என்று சொல்வார்கள். அமெரிக்க கேலன் 3.785 லிட்டர், அதாவது மணிக்கு 227 லிட்டர். வந்தால் நல்லது. வரவில்லை என்று இன்னொரு பம்ப் வாங்கப் போகாதீர்கள். 215-க்கும் 135-க்கும் நடுவே நான் பார்த்தது ஒரு டிகிரி.

ஓட்ட மீட்டர் இல்லாதவர்களுக்கு ஒரு வழி. முழு வேலை கொடுத்து, முழு வேகத்தில் தொடங்கி, படிப்படியாக இறக்குங்கள். ஒவ்வொரு படியிலும் அரை மணி நேரம் விடுங்கள். சிப் சூட்டுக்கும் தண்ணீர் சூட்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் பாருங்கள். அறைச் சூடு மாறினாலும் அந்த வித்தியாசம் அதிகம் மாறாது. எந்தப் படியில் 2 டிகிரிக்கு மேல் ஏறுகிறதோ, அதற்கு முந்தைய படியில் நிறுத்திவிடுங்கள்.

22 ஏப்ரல் 2024

டிடிசி வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒன்று. டிடிசி 3.2 என்பது 18 வாட் பம்ப், ஹெட் 5 மீட்டருக்குச் சற்று மேல். சிறிய கேபினுக்கும் (கம்ப்யூட்டர் பெட்டி) எதிர்ப்பு அதிகமுள்ள லூப்புக்கும் நல்லது. ஆனால் அதன் சர்க்யூட் பலகை அடிப்பக்கம் இருக்கிறது, தண்ணீர் அதைக் குளிர்விப்பதில்லை. அடியில் ஹீட்சிங்க் போடுங்கள், கொஞ்சம் காற்று போகட்டும். வேகத்தைக் குறைப்பதன் முதல் பலன் டிடிசிக்குத்தான்: சத்தமும் குறைகிறது, அந்தப் பலகையும் பிழைக்கிறது.

28 ஏப்ரல் 2024

வெயில் ஏறிவிட்டது. ஈரோட்டு நண்பர்: "ஐரோப்பாக்காரர் ஒருவரின் கர்வை அப்படியே போட்டேன். 30 டிகிரியில் தொடங்கி 40-இல் ஃபேன் முழு வேகம். என் மிஷினில் நாள் முழுக்க முழு வேகம்தான். பம்பையும் அதிலேயே கட்டியிருக்கிறேன்."

அவர் அறையில் 21 டிகிரி இருக்கும். உங்கள் அறையில் ஏப்ரல் மதியம் 35. தண்ணீர் ஒருக்காலும் அறையைவிடக் குளிராது. சும்மா இருக்கும்போதே 37, 38-க்கு வந்துவிடும். அந்தக் கர்வ் இங்கே வேலைக்கு ஆகாது.

தண்ணீர் சூட்டிலிருந்து அறைச் சூட்டைக் கழித்துவிட்டு அந்த வித்தியாசத்தில் கர்வ் போடுங்கள். ஃபேன் கன்ட்ரோல் என்ற இலவச மென்பொருளில் இரண்டு சென்சாரைக் கழிக்கும் வசதி இருக்கிறது. முன்பக்க ஃபேன் காற்றை உள்ளே இழுக்கும் இடத்தில் இரண்டாவது தெர்மிஸ்டரைத் தொங்கவிடுங்கள். வித்தியாசம் 4 டிகிரி வரை ஃபேன் மெதுவாக, 10-இல் நல்ல வேகம், 14-இல் முழு வேகம். இது சித்திரைக்கும் பொருந்தும், மார்கழிக்கும் பொருந்தும்.

மென்பொருள் ஏறவில்லை என்றால் பயாஸில் இருப்பதுதான் ஓடும். அதனால் பயாஸிலும் பத்திரமான ஒரு எண் இருக்கட்டும். பயாஸை அப்டேட் செய்தால் இந்த அமைப்புகள் பழைய நிலைக்குப் போய்விடும், பிறகு போய்ப் பார்க்க வேண்டும்.

பம்பை அந்தக் கர்விலிருந்து அவிழ்த்துவிடுங்கள். இதற்கு அவர் கேட்ட எதிர்க்கேள்வி நல்ல கேள்வி: "தண்ணீர் சூட்டைப் பார்த்து மெதுவாக ஏறினால் ஊளை வராதே, அப்போது பம்பையும் கட்டினால் என்ன?" முயன்று பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.

5 மே 2024

முயன்று பார்த்தேன். சும்மா இருக்கும்போது 2200, தண்ணீர் வித்தியாசம் 8 டிகிரியைத் தாண்டினால் 3000. நடுவே 2 டிகிரி இடைவெளி விட்டிருந்தேன், அதாவது 8-இல் ஏறினால் 6-க்கு வந்தபிறகுதான் இறங்கும். ஊளை இல்லை. அதில் ஈரோட்டு நண்பர் சொன்னது சரி.

ஆனால் கிடைத்தது என்ன? சும்மா இருக்கும்போது 3000-உம் 2200-உம் என் காதுக்கு ஒன்றுதான். மின்சாரத்தில் சில வாட். பம்புக்கு ஆயுள் கூடுமா என்றால், டி5-இல் சுழலி ஒரு பீங்கான் உருண்டைமேல், தண்ணீரையே எண்ணெயாகக் கொண்டு ஓடுகிறது. 50,000 மணி நேரம் என்று தயாரிப்பாளர்கள் போடுகிறார்கள். 3000-இல் ஓடுவதால் அது தேய்ந்துவிடப் போவதில்லை.

ராத்திரி அதே அறையில் தூங்குகிறவர்கள், டிடிசி வைத்திருப்பவர்கள் இந்த இரண்டு படி முறையை வைத்துக்கொள்ளலாம். மற்றவர்களுக்கு ஒரே வேகம் என்றே சொல்வேன். காரணம் ஒன்று இருக்கிறது, அது பெரிய காரணம், அடுத்த முறை.

6 மே 2024

வேகம் மாறாமல் இருந்தால் ஓட்டம் என்பது லூப்பின் உடல்நிலையைச் சொல்லும் எண்ணாகிவிடும். இதுதான் அந்தக் காரணம். 3000-இல் 135 லிட்டர் வந்துகொண்டிருந்தது, இப்போது 120 வருகிறது என்றால் எங்கோ அடைக்கிறது என்று பொருள். பம்ப் ஏறி இறங்கிக்கொண்டிருந்தால் அந்தச் சரிவு கண்ணில் படாது.

ஆர்பிஎம் மட்டும் பார்த்து நிம்மதியடையாதீர்கள். சக்கரம் சுற்றுகிறது என்பதை மட்டுமே அது சொல்லும். ஏர் பிடித்துக்கொண்டால் சக்கரம் அழகாகச் சுற்றும், தண்ணீர் நகராது. குழாய் மடங்கினாலும் அப்படித்தான்.

பம்ப் நின்றால் என்ன ஆகும் என்று பலர் கேட்டார்கள். சிபியூ தன்னைத்தானே மெதுவாக்கிக்கொள்ளும், தேவைப்பட்டால் அணைந்தும்விடும். சிப் அநேகமாகப் பிழைத்துவிடும். பிளாக்குக்குள் நிற்கிற தண்ணீர்தான் கவலை. பெரும்பாலான பம்ப்களுக்குத் தண்ணீர் 60 டிகிரி வரைதான் என்று போட்டிருப்பார்கள். பிஇடிஜி என்ற பிளாஸ்டிக்கால் ஆன கெட்டிக் குழாயும் அதற்குமேல் இளக ஆரம்பித்து ஃபிட்டிங்கில் கசியும்.

ஆகவே: பம்பின் டாக்கோ ஒயரைச் சிபியூ ஃபேன் ஹெடரில் கொடுங்கள். சுற்று வராவிட்டால் போர்டு பூட் ஆகும்போதே எச்சரிக்கும். தண்ணீர் 50 டிகிரி தொட்டால் மிஷின் அணைய ஏற்பாடு செய்யுங்கள், மே மாதத்தில் 45-க்கு வைத்தால் வீணாக அணையும். குறைந்தபட்ச பிடபிள்யூஎம்மை 30 சதவீதத்துக்குக் கீழே விடாதீர்கள், சில பம்ப்கள் அங்கே கிளம்பத் தயங்கும். இரண்டு பம்ப் என்றால் டாக்கோ இரண்டையும் ஒரே ஒயரில் சேர்க்காதீர்கள். ஒன்று செத்தாலும் இன்னொன்றின் எண்ணைப் பார்த்து ஏமாந்துபோவோம்.

19 மே 2024

சத்தம். தூத்துக்குடி நண்பர் 2800-இல் "ம்ம்ம்" என்று கேபின் முழுக்க அதிர்கிறது, 3000-இல் இல்லை, 2600-இல் இல்லை என்கிறார்.

அது கேபின் தகட்டின் அதிர்வு. பம்பின் குற்றமில்லை. ஒவ்வொரு கட்டுமானத்திலும் இப்படி ஓரிரு வேகங்கள் மாட்டும். பயாஸில் ஒரு சதவீதம் ஒரு சதவீதமாக ஏற்றி அந்த இடத்தைக் கண்டுபிடித்து, 100, 150 ஆர்பிஎம் தள்ளி நின்றால் போதும். கர்வ் வேண்டாம் என்பதற்கு இன்னொரு காரணமும் கிடைத்தது பாருங்கள்: கர்வ் போட்டால் ஒவ்வொரு முறையும் அந்த இடத்தைக் கடந்துதான் போக வேண்டும். பம்புக்கும் கேபினுக்கும் நடுவே மெத்தென்ற ஃபோம் அல்லது ரப்பர் வைத்தால் பாதி அடங்கும்.

மணல் அரைப்பது போலச் சத்தம் வந்தால் அது வேறு. உள்ளே ஏர். புதிதாகத் தண்ணீர் நிரப்பியதும் மற்ற பாகங்களுக்கு மின்சாரம் கொடுக்காமல் பம்பை மட்டும் ஓட்டி, வேகத்தை ஏற்றி இறக்கி, கேபினை முன்னும் பின்னும் சாய்த்து வெளியேற்றுங்கள். ரிசர்வாயர் (தண்ணீர்த் தொட்டி) காலியாகாமல் பார்த்துக்கொண்டே இருங்கள். தண்ணீர்தான் பேரிங்குக்கு எண்ணெய். காய்ந்து ஓடினால் கொஞ்ச நேரத்திலேயே பேரிங் போய்விடும்.

3 நவம்பர் 2024

மழை பிடித்துக்கொண்டது, அறை 26 டிகிரி. பழைய இழையை எடுக்கக் காரணம் இருக்கிறது.

மே 6-ஆம் தேதி எழுதியது என் லூப்பிலேயே நடந்தது. பம்ப் அதே 3000. ஓட்டம் ஆகஸ்டில் 130, செப்டம்பரில் 122, தீபாவளி சமயத்தில் 108. சிபியூவுக்கும் தண்ணீருக்கும் உள்ள வித்தியாசம் 3 டிகிரி கூடியிருந்தது. குளிர்காலம் என்பதால் சூட்டை மட்டும் பார்த்திருந்தால் எல்லாம் நன்றாக இருப்பதாகத்தான் தெரிந்திருக்கும். சிபியூ 70-க்குக் கீழேதான் இருந்தது.

பிளாக்கைத் திறந்தேன். தடங்களுக்கு நடுவே வெள்ளையாக வழவழவென்று ஒரு படலம். ஒளிபுகும் மென்குழாயிலிருந்து கசிந்த பிளாஸ்டிசைசர். பிவிசி குழாய்களில் வளைவதற்காகச் சேர்க்கப்படும் அந்தப் பொருள் சூட்டில் மெதுவாகத் தண்ணீரில் இறங்கி, மிகக் குறுகலான இடமாகப் பார்த்து ஒட்டிக்கொள்ளும். மென்மையான டூத்பிரஷ், பாத்திரம் கழுவும் திரவம், கடைசியில் டிஸ்டில்டு வாட்டர். போய்விட்டது. குழாயை இபிடிஎம் ரப்பருக்கு மாற்றிவிட்டேன். கறுப்பாக இருக்கும், உள்ளே தண்ணீர் ஓடுவது தெரியாது, ஆனால் இந்தத் தொல்லை அதில் இல்லை. மறுபடி 3000-இல் 136.

ஓட்டம் குறைகிறதென்று பம்ப் வேகத்தை ஏற்றிவிடலாமே என்று ஒருவர் தனியாகக் கேட்டிருந்தார். ஏற்றியிருந்தால் 135 வந்திருக்கும், படலமும் உள்ளேயே வளர்ந்திருக்கும். சில கன்ட்ரோலர்களில் ஓட்டத்தையே இலக்காக வைத்துப் பம்பைத் தானாக ஏற்றும் வசதி இருக்கிறது. வைத்துக்கொள்பவர்கள் அப்போது ஆர்பிஎம்மைக் குறித்து வையுங்கள். அங்கே ஆர்பிஎம் ஏறுவதுதான் அடைப்பின் அடையாளம்.

4 நவம்பர் 2024

லினக்ஸில் ஓட்டுபவர்களுக்கு: அக்வா கம்ப்யூட்டரின் டி5 நெக்ஸ்ட் பம்புக்கு 5.15 கெர்னலிலிருந்து டிரைவர் உள்ளேயே வருகிறது. தண்ணீர் சூடும் பம்ப் வேகமும் எல்எம்-சென்சார்ஸ் என்ற கருவியில் தெரியும். அதே நிறுவனத்தின் குவாட்ரோ, ஆக்டோ கன்ட்ரோலர்கள் பிறகு சேர்ந்தன. வரைபடமாகப் பார்த்து அமைக்க கூலர்கன்ட்ரோல் என்ற மென்பொருள் நன்றாக இருக்கிறது. அந்தக் கன்ட்ரோலர்கள் கர்வைத் தங்களுக்குள்ளேயே சேமித்துக்கொள்வதால் ஓஎஸ் தொங்கினாலும் பம்பும் ஃபேனும் ஓடிக்கொண்டிருக்கும். மதர்போர்டு ஹெடரில் ஓட்டுபவர்கள் போர்டின் சென்சார் சிப்புக்குக் கெர்னல் மாட்யூல் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். சில போர்டுகளில் வேகத்தைப் படிக்க மட்டும்தான் முடிகிறது, எழுத முடிவதில்லை. அப்படியென்றால் பயாஸிலேயே ஒரே வேகத்தை வைத்துவிட்டு ஓஎஸ்ஸில் எதையும் தொடாதீர்கள்.